கப்பல்காரர் பெண்சாதி

எங்கள் குடும்பத்துக்குச் செல்போனில் ஒரு குழு இருக்கிறது. கப்பல்காரர் வம்சம் என்று பெயர். முகப்பில் மூன்று பாய்மரம் விரித்த பெரிய கப்பல் ஒன்றின் படம். யாரோ இணையத்தில் தேடி எடுத்துப் போட்டது. பெரிதாக்கிப் பார்த்தால் உச்சியில் பறக்கிற கொடியில் ஒரு மண்டையோடும் குறுக்கே இரண்டு எலும்பும் தெரியும், கடற்கொள்ளைக்காரர்கள் கொடி. நூறு பேருக்குமேல் இருக்கிற குழுவில் ஒருவர் கண்ணிலும் அது படவில்லை. என் கண்ணில் பட்டது, ஆனால் நான் சொல்லவில்லை. அப்போது எனக்கும் அந்தக் கப்பல்மேல் ஆசை இருந்தது. இன்றைக்குப் பார்த்தால், அந்தப் படத்தில் எங்களுக்குப் பொருத்தமானது அந்தக் கொடி ஒன்றுதான் என்று தோன்றுகிறது.

எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். முப்பது வருடத்துக்குமேல் அரசுப் பள்ளியில் தமிழ் டீச்சராக இருந்தேன். பிள்ளைகள் எனக்குப் பச்சமொளகா என்று பெயர் வைத்திருந்தார்கள். ரிட்டயர் ஆனால் தணிந்துவிடும் என்று டாக்டர் சொன்னார். தணியவில்லை. இதையும் கோபத்தோடுதான் எழுதுகிறேன். யார்மேல் கோபம் என்று கேட்டால் முதலில் எங்கள் பெரியப்பா மகன்மேல், அப்புறம் செத்துப்போன என் அப்பாமேல். மூன்றாவதாக ஒரு ஆள் உண்டு. அது யார் என்பது எனக்கே பிறகுதான் தெரிந்தது.

எங்கள் ஊர் எலவனாசூர்கோட்டைக்குப் பக்கம். கரும்பு, மக்காச்சோளம், கொஞ்சம் மரவள்ளி. ஏரி நிறைந்து தண்ணீர் வழிந்து கோடி போனால் குடும்பத்தோடு போய் வேடிக்கை பார்ப்போம். கடல் பார்க்க வேண்டுமானால் கடலூருக்கு இரண்டு பஸ் மாறிப் போக வேண்டும். அப்படிப்பட்ட ஊரில் எங்கள் வீட்டுக்கு மட்டும் கப்பக்காரர் வூடு என்று பெயர். எங்கள் புன்செய் நிலம் கப்பக்காரர் கொல்லை. ஏன் அந்தப் பெயர் என்று யாருக்கும் தெரியாது, யாரும் கேட்டதும் இல்லை. தபால்காரர் அப்படிச் சொல்வார், கல்யாணப் பத்திரிகையில் பெயருக்குக் கீழே அடைப்புக்குறிக்குள் போடுவார்கள், அத்தோடு சரி.

பெரியப்பாவின் மூத்த மகனை அண்ணன் என்றே சொல்கிறேன். அரசு வேலையில் பெரிய பதவிவரை போய் ஓய்வுபெற்று, கள்ளக்குறிச்சியில் மாடி வீடு கட்டிக்கொண்டு இருக்கிறார். பேசும்போது எதிரே இருப்பவர் குறிப்பெடுக்கிறாரா என்று பார்க்கிற பழக்கம் இன்னும் போகவில்லை. அவருடைய மகன் வெளிநாட்டில் வேலைக்குப் போனபோது குடும்பப் பெயர் என்ன என்று கேட்டிருக்கிறார்கள். நமக்கு ஏது குடும்பப் பெயர்? அப்பா பெயரின் முதல் எழுத்தை முன்னால் ஒட்டிக்கொண்டு காலத்தை ஓட்டியவர்கள் நாம். பையன் யோசித்து, கப்பல்காரர் என்று எழுதிக் கொடுத்துவிட்டான். இப்போது ஆபீசில் எல்லாரும் அவனை அந்தப் பெயரால்தான் கூப்பிடுகிறார்களாம். உன் முன்னோர்கள் மாலுமிகளா என்று ஒரு வெள்ளைக்காரர் கேட்டாராம். அதைக் கேட்டதிலிருந்து அண்ணனுக்குத் தலைகால் புரியவில்லை.

ஒரே மாதத்தில் அவரிடம் ஒரு வரலாறு தயாராகிவிட்டது. எங்கள் முப்பாட்டனுக்கும் பாட்டன் சொந்தக் கப்பல் வைத்திருந்தாராம். கடல் கடந்து குதிரை கொண்டுவந்து கல்வராயன் மலை ஜாகீர்தார்களுக்கு விற்றாராம். அவர்கள் சந்தோஷப்பட்டு வாள் ஒன்று பரிசு கொடுத்தார்களாம். இதையெல்லாம் ஒரு நூலாகப் போட வேண்டும், கூடவே கொல்லையில் ரோட்டோரமாக ஒரு மண்டபம், வாசலில் கப்பல் முகப்பு வைத்த வளைவு. நூலை எழுத நான். மண்டபத்துக்கு இடம் கொடுக்கவும் நான். ஏனென்றால் கொல்லையில் ரோட்டை ஒட்டிய துண்டு அப்பா பங்கில் வந்தது, அப்பா அதை என் பெயருக்கு எழுதி வைத்துவிட்டுப் போனார்.

அந்தத் துண்டில்தான் அத்தை இருக்கிறாள். அப்பாவின் தங்கை. தகரம் போட்ட ஒற்றை அறை, இரண்டு வெள்ளாடு, ஒரு முருங்கை மரம். எழுபது வயதைத் தாண்டிவிட்டாள். திருக்கோவிலூர்ப் பக்கம் கட்டிக்கொடுத்தார்கள். மூன்று வருடத்தில் புருஷன் வேறொருத்தியோடு பெங்களூருக்குப் போய்விட்டான். பிள்ளை இல்லை. டிரங்குப் பெட்டியோடு திரும்பி வந்தவளுக்கு அந்த மூலையைக் காட்டினார்கள். நாற்பது வருடத்துக்கு மேலாகக் களை எடுத்தும் கரும்புச் சோகை உரித்தும் அவள் சோற்றை அவளே பார்த்துக்கொள்கிறாள். மண்டபம் வந்தால் அந்த அறையை இடித்தாக வேண்டும். உளுந்தூர்ப்பேட்டைப் பக்கம் நல்ல முதியோர் இல்லம் இருக்கிறது, வேளாவேளைக்குச் சாப்பாடு, டிவி எல்லாம் உண்டு, நான் பேசிவிட்டேன் என்றார் அண்ணன்.

நான் சரி என்றேன். இதை மறைத்துப் பயனில்லை. நூலின் முதல் பக்கத்தில் ஆசிரியர் என்று என் பெயர் வரும் என்றார். முப்பது வருடம் அடுத்தவர் எழுதியதையே நடத்திக்கொண்டிருந்தவளுக்கு அது போதுமாக இருந்தது. அத்தையிடம் நானே பக்குவமாகச் சொல்லிக்கொள்கிறேன் என்றும் சொன்னேன். பக்குவம் என்ற சொல்லைக் கேட்டாலே இப்போது எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

முதலில் கடலூருக்குப் போனோம். அண்ணன் கார், அண்ணன் தொப்பி, என் நோட்டுப் புத்தகம். பழைய துறைமுகத்துப் பக்கம் வலை பின்னிக்கொண்டிருந்த நாலைந்து பேரிடம் அண்ணன் எங்கள் பட்டப் பெயரைச் சொல்லி, இங்கே இந்த வம்சத்தார் யாராவது உண்டா என்று விசாரித்தார். அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். எந்த ஊர் என்று கேட்டார்கள். கள்ளக்குறிச்சி என்றதும், அங்கே எதில் கப்பல் விடுவீர்கள் என்று ஒருவர் மரியாதையாகத்தான் கேட்டார். அண்ணன் காரில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார். திரும்பும் வழியில், படிப்பறிவு இல்லாதவர்களிடம் வரலாறு கேட்கக் கூடாது என்று எனக்குப் பாடம் நடத்தினார். நானும் தலையை ஆட்டினேன்.

அடுத்தது கல்வராயன் மலை. வாளைப் பற்றி விசாரிக்க வெள்ளிமலைக்கு நான் தனியாகவே போனேன். அங்கே பள்ளியில் ஆறு வருடம் வேலை பார்த்திருக்கிறேன். வளைவுகளில் பஸ் திரும்பும்போதெல்லாம் வாந்தி எடுத்துக்கொண்டே போய் வந்த காலம் அது. அந்தப் பள்ளியில் சத்துணவு சமைத்த அம்மாவுக்கு இப்போது மூட்டுவலி, வீட்டோடு இருக்கிறார். சாமைச் சோறும் கீரையும் போட்டார். குதிரை, வாள், ஜாகீர்தார் எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, எங்கள் வீட்டுப் பெயரையும் சொன்னேன். குதிரையைப் பற்றித் தெரியாது என்றார். ஆனால் அந்தப் பெயர் தெரியும் என்றார்.

அவர் மாமனார் வீட்டில் வழிவழியாகச் சொல்வதாம். ரோடு போடாத காலத்தில் கீழ்நாட்டிலிருந்து ஒரு பொம்பளை கருவாட்டுக் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு காட்டு வழியில் ஏறி வருவாளாம். கருவாட்டையும் உப்பையும் கொடுத்துவிட்டுக் கடுக்காயும் புளியும் சாமையும் மாற்றிக்கொண்டு இறங்குவாளாம். இடுப்பில் ஒரு ஆண் குழந்தை. மழை பிடித்துக்கொண்டால் குழந்தையை இவர்கள் வீட்டில் விட்டுவிட்டுப் போய், அடுத்த நடையில் வந்து தூக்கிக்கொள்வாளாம். அவளைக் கப்பக்காரி என்று கூப்பிட்டிருக்கிறார்கள்.

“புருசன் கப்பலேறிப் போனவரு திரும்பலியாம். அதுதான் பேரு. ஒங்களுக்குத் தெரியாதுங்களா டீச்சர்?”

தெரியாது என்று சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. மூன்று தலைமுறையாக ஒரு மலை வீடு ஞாபகம் வைத்திருக்கிறது. அவள் வயிற்றில் பிறந்து வந்த நாங்கள் குதிரை விற்றுக்கொண்டிருந்தோம்.

நூலுக்கு ஆதாரமாக அண்ணன் எனக்கு ஒரு துணிப்பை நிறையப் பழைய பத்திரங்கள் கொடுத்திருந்தார். பழைய கையெழுத்து அவருக்குப் படிக்க வராது. புள்ளி வைக்காத எழுத்து, ஒரே நீளமாக ஓடுகிற வாக்கியம். எனக்குப் பழக்கம். மலையிலிருந்து வந்த மறுநாள் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பிரித்தேன். செல்லரித்த ஒரு கிரயப் பத்திரம் கிடைத்தது. கப்பக்காரர் கொல்லையை முதன்முதலில் வாங்கிய பத்திரம். நான்கு எல்லையும் சரியாக இருக்கிறது, மேற்கே ஏரி வாய்க்கால், வடக்கே வண்டிப்பாட்டை. வாங்கியவர் ஆணில்லை. பெயரைச் சொல்லப் போவதில்லை, சின்னப் பெயர்தான். அந்தப் பெயருக்கு முன்னால் கப்பல்காரர் பெண்சாதி என்றும், பின்னால் கருவாட்டு யாபாரம் ஜீவனம் என்றும் எழுதியிருக்கிறது. புருஷன் பெயர் எங்குமே இல்லை.

புருஷன் பெயர் ஏன் இல்லை என்பது அண்ணனுக்குப் புரியாது. எந்த ஆணுக்கும் சட்டென்று புரியாது. எனக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. என் அம்மா அப்பா பெயரைச் சொல்லி நான் கேட்டதே கிடையாது. ரேஷன் கடையில் குடும்பத் தலைவர் யார் என்று கேட்டால் என் தோளைத் தட்டுவாள், நான் சொல்ல வேண்டும். மாமனார் பெயரும் வாயில் வரக் கூடாது. தாத்தாவுக்கு முருகன் பெயர்களில் ஒன்று. அதனால் அம்மா சாமி கும்பிடும்போதுகூட அந்தப் பெயரைத் தாண்டிக்கொண்டு, மலைமேல இருக்கிற சாமி என்பாள். முதல் பேரனுக்குத் தாத்தா பெயரை வைப்பார்களே, அந்தப் பிள்ளையைப் பெற்றவளே அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட முடியாது. தம்பியை அம்மா சாகும்வரை பெரியவனே என்றுதான் கூப்பிட்டாள். அவனுக்கு மேலே நான் ஒருத்தி இருக்கிறேன் என்பது யாருக்கும் உறுத்தவில்லை.

அவளும் அப்படித்தான் நின்றிருப்பாள். பத்திரம் எழுதுகிறவன் புருஷன் பெயர் என்ன என்று கேட்டிருப்பான். கூட வந்து பெயர் சொல்ல ஆள் இல்லை, இடுப்பிலிருப்பது பேசத் தெரியாத குழந்தை. விட்டுவிட்டு ஓடியவன் பெயரைக்கூட வாயால் சொல்லக் கூடாது என்று வளர்த்திருக்கிறார்கள். கப்பல்ல போனவருங்க, கப்பக்காரருங்க என்றிருப்பாள். எழுதுகிறவனுக்கு என்ன வந்தது, அதையே எழுதிவிட்டான். அந்தப் பெயரைத்தான் நாங்கள் கல்யாணப் பத்திரிகையில் அடைப்புக்குறிக்குள் போடுகிறோம். அதைத்தான் ஒருவன் கடல் தாண்டிக் கொண்டுபோய்த் தன் குடும்பப் பெயர் என்று எழுதிக் கொடுத்திருக்கிறான். ஓடிப்போனவனுக்கு வம்சம், வளைவு, மண்டபம். கூடை சுமந்து அந்தக் கொல்லையை வாங்கியவளுக்கு அந்த வரலாற்றில் ஒரு வரி இல்லை. வந்த கோபத்தில் பத்திரத்தைக் கிழித்துவிடுவேனோ என்று தட்டில் வைத்துவிட்டு எழுந்து வெளியே போனேன்.

அன்றைக்குச் சாயங்காலமே அண்ணன் வீட்டுக்குப் போனேன். பத்திரத்தைப் படித்துக் காட்டினேன். மலையில் கேட்டதைச் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். முடித்ததும், நல்ல ஆதாரம், பத்திரத்தைப் படம் எடுத்து நூலில் போடலாம் என்றார். எனக்கு ஒரு நிமிடம் அவர்மேல் மரியாதைகூட வந்துவிட்டது. அப்புறம்தான், அந்தக் கருவாட்டு வரி மட்டும் தெரியாதபடி மடித்து எடுக்க வேண்டும் என்றார். யாபாரம் என்பது தெரிந்தால் போதும். கப்பல் வியாபாரம் என்று படிக்கிறவர்கள் புரிந்துகொள்வார்கள்.

நான் கத்தினேன். என்னென்ன கத்தினேன் என்று முழுதும் நினைவில்லை. மண்டபத்துக்கு இடம் கிடையாது என்றேன். அந்தக் கொல்லையை வாங்கியவள் புருஷன் விட்டுப் போன பொம்பளை, அங்கே புருஷன் விட்டுப் போன இன்னொரு பொம்பளை இருப்பதில் உங்களுக்கு என்ன கஷ்டம் என்றேன். அவள் இந்த வீட்டுப் பெண், அவளுக்கும் பாத்தியம் உண்டு என்றேன். அண்ணி சமையல்கட்டிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போனார்.

அண்ணன் கத்தவில்லை. எழுந்துபோய் பீரோவைத் திறந்து ஒரு நகலை எடுத்துவந்து என்முன் வைத்தார். அதைத் தயாராகவே வைத்திருந்தார் என்று நினைக்கிறேன்.

“அத்தைக்கு இன்னா பாத்தியம் கீது? எல்லாம் எழுதிக் குடுத்துட்டுப் போயிடுச்சி. கீழ சாட்சி யாருன்னு நீயே பாத்துக்க.”

விடுதலைப் பத்திரம். தாத்தா செத்த மறு வருடம் எழுதியது. தகப்பனார் சொத்தில் தனக்குள்ள பாகம் முழுவதையும் மனப்பூர்வமாக, எந்தத் தூண்டுதலும் இல்லாமல், தன் சகோதரர்கள் இருவருக்கும் விட்டுக்கொடுப்பதாக அத்தை சொல்லியிருந்தாள். எழுதப் படிக்கத் தெரியாதவராகையால் படித்துக் காட்டப்பட்டுச் சரியென ஒப்புக்கொண்டார் என்று ஒரு வரி. அதன் கீழே அத்தையின் இடது கைப் பெருவிரல் ரேகை. சாட்சிகள் இருவர். முதலாவது பெயர் என்னுடையது. படித்துக் காட்டியது என்ற சொல்லுக்கு நேரே, இருபத்திரண்டு வயதில் நான் போட்ட கையெழுத்து. அப்போது புதிதாகக் கற்றுக்கொண்ட வளைவு ஒன்றைக் கடைசி எழுத்தின் கீழே இழுத்துவிட்டிருந்தேன்.

அந்த நாள் நினைவில் இல்லை என்று சொல்ல ஆசைதான். நன்றாக நினைவிருக்கிறது. ஆசிரியர் பயிற்சி முடித்திருந்த சமயம். அப்பா என்னைக் கூப்பிட்டு, மோட்டாருக்குக் கரண்ட் வாங்க ஒரு கையெழுத்து வேண்டும், அத்தை ஏதாவது நொரநாட்டியம் பண்ணும், நீ கூட வா, நீ சொன்னால் கேட்பாள் என்றார். ஆபீசில் கூட்டம். வேப்ப மரத்தடியில் நின்றோம். அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டு, இதில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டாள். நான் தாளை வாங்கினேன். மேலே ஸ்டாம்ப்பைப் பார்த்தேன், கீழே என் பெயர் இருக்கும் இடத்தைப் பார்த்தேன். ஒன்றுமில்லை அத்தை, மோட்டாருக்குத்தான் என்றேன். தெரிந்து பொய் சொல்லவில்லை. படிக்கவே இல்லை. கள்ளக்குறிச்சியில் துணி எடுக்க சிநேகிதி காத்திருந்தாள், பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். திரும்பி வரும்போது அப்பா எங்கள் இருவருக்கும் வாழைப்பழ பஜ்ஜி வாங்கிக் கொடுத்தார். அத்தைக்கு ஒரு சேலையும் எடுத்திருந்தார். எதற்குச் சேலை என்று அத்தை திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டே வந்தாள்.

என் அப்பா நல்லவர் என்று ஊரே சொல்லும். நானும் சொல்லியிருக்கிறேன். அந்த நல்லவர்தான் தங்கை பங்கை எடுத்துக்கொண்டு, அதில் ஒரு துண்டை என் பெயருக்கு எழுதிவைத்துவிட்டு, அத்தையைப் பாத்துக்கம்மா என்று சொல்லிவிட்டுச் செத்தார். அவள் பெயருக்கே எழுதியிருக்கலாம். ஒரே ஆபீஸ், ஒரே தாள், ஒரே செலவு. அண்ணன்மேல் வந்த கோபம் சத்தம் போட்டதும் கொஞ்சம் குறைந்துவிட்டது. அப்பாமேல் வந்தது குறையவில்லை. என்மேல் வந்தது சோற்றில் கை வைக்கவிடவில்லை.

மூன்று நாள் கழித்துத்தான் அத்தையிடம் போனேன். ஆட்டுக்குத் தழை ஒடித்துப் போட்டுக்கொண்டிருந்தாள். நகலை மடியில் வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். கப்பக்காரியைச் சொன்னேன், மண்டபத்தைச் சொன்னேன், நான் சரி என்று சொன்னதையும் சொன்னேன். கடைசியில் அந்தக் கையெழுத்தைச் சொன்னேன். அழுவாள், திட்டுவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று எதிர்பார்த்துப் போயிருந்தேன். எனக்குத் தெரியும் என்றாள்.

அரசாங்கம் கட்டித் தருகிற தொகுப்பு வீட்டுக்கு மனுக் கொடுக்கப் போனபோதே தெரியுமாம். பட்டா கேட்டிருக்கிறார்கள். உன் பேரில் ஒன்றும் இல்லை, நீயே எழுதிக் கொடுத்துவிட்டாய், உன் அண்ணன் பெண்தான் சாட்சி என்று அங்கே ஒருவர் தேடி எடுத்துச் சொல்லியிருக்கிறார். இருபது வருடத்துக்குமேல் ஆயிற்று. அதற்கப்புறமும் நான் ஒவ்வொரு சனிக்கிழமையும் வந்து அவள் குழம்பைச் சாப்பிட்டுவிட்டு, உப்பு கொஞ்சம் கம்மி என்று குறை சொல்லிவிட்டுப் போயிருக்கிறேன். ஏன் என்னைக் கேட்கவில்லை என்றேன். கேட்டிருந்தால் நான் வருவதை நிறுத்தியிருப்பேனாம், அவளைப் பார்க்க வருவதற்கு வேறு யார் இருக்கிறார்கள் என்றாள். அப்புறம் தழையைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

“நெலத்த வுடு. ஒங்கப்பன் எப்டியும் புடுங்கிக்கினுதான் இருப்பான். அன்னிக்கு நீ அத ஒரு வாட்டி படிச்சிக் காட்டியிருக்கணும். ஊர்ப் புள்ளைங்களுக்கெல்லாம் படிச்சிக் காட்டுன. எனுக்குக் காட்டல.”

நான் அழுதேன். அவள் என்னை அழ விட்டுவிட்டு ஆட்டை மாற்றிக் கட்டப் போய்விட்டாள்.

ரோட்டோரத் துண்டை அவள் பெயருக்குத் தானப் பத்திரம் எழுதுவது என்று அன்றைக்கே முடிவு செய்தேன். தம்பிக்குப் போன் செய்து சொன்னேன். கிழவிக்கு அப்புறம் அது யாருக்குப் போகும் என்று கேட்டான். அது அவள் பாடு என்றேன். போனை வைத்துவிட்டான். அண்ணன் என்னைக் குழுவிலிருந்து நீக்கினார். நூலை ஓய்வுபெற்ற வேறொரு தமிழாசிரியரிடம் கொடுத்திருப்பதாகக் கேள்வி. அதில் குதிரைகள் இருக்கின்றனவாம். மண்டபத்துக்கு ஏரிப் பக்கம் இடம் பார்த்திருக்கிறார். கட்டிக்கொள்ளட்டும். திறப்பு விழாவுக்குக் கூப்பிட்டால் நான் போவேன், போய் என்ன பேசுவேன் என்பது அவருக்கும் தெரியும், அதனால் கூப்பிட மாட்டார்.

பதிவுக்கு அத்தையை ஆட்டோவில் அழைத்துப் போனேன். ஆபீசில் டோக்கன் வாங்கி வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தோம். வேப்ப மரம் இல்லை, வெட்டிவிட்டு வண்டி நிறுத்த இடம் போட்டிருக்கிறார்கள். பத்திர எழுத்தர் தாள்களைக் கொண்டுவந்து, ஆயா ரேகை வைக்கட்டும் என்றார். இருங்கள் என்றேன். தாள்களை வாங்கி முதல் பக்கத்திலிருந்து படிக்க ஆரம்பித்தேன். வகுப்பில் படிப்பதுபோல நிறுத்தி நிறுத்தி, சத்தமாக. சர்வே எண், நான்கு எல்லை, முருங்கை மரம், தகரக் கொட்டகை உட்பட என்ற வரி, இனி என்றென்றைக்கும் எனக்கோ என் வாரிசுகளுக்கோ எந்தப் பாத்தியமும் இல்லை என்ற வரி. எழுத்தர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பக்கத்தில் இருந்தவர்கள் பேச்சை நிறுத்திவிட்டுக் கவனித்தார்கள். நான்கு பக்கத்தையும் படித்து முடித்துத் தாள்களை ஒழுங்காக அடுக்கினேன். உண்மையைச் சொன்னால், கொஞ்சம் பெருமையாக இருந்தது. முப்பத்தைந்து வருடத்துக்கும் மேலான கடனை அடைத்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன்.

அத்தை கட்டைவிரலை நீட்டவில்லை. தாளை என் கையிலிருந்து வாங்கினாள். பெஞ்சின் அந்தக் கோடியில், மடியில் ஃபைலோடு ஒரு இளம்பெண் உட்கார்ந்திருந்தாள். எங்களுக்கு முன்பின் தெரியாதவள். அத்தை மெல்ல எழுந்து அவளிடம் போய்த் தாளை நீட்டி, படிக்கத் தெரியுமா என்று கேட்டாள். தெரியும் என்றாள் அவள். எழுத்தருக்குப் பொறுக்கவில்லை.

“ஆயா, அவங்க டீச்சருங்க. சரியாத்தான் படிச்சாங்க.”

“டீச்சருன்னு தெரியும்பா. அன்னிக்கும் டீச்சருக்குத்தான் படிச்சிருந்துச்சி” என்றாள் அத்தை. அப்புறம் அந்தப் பெண்ணிடம், “நீ படிம்மா. ஒண்ணும் வுட்டுடாத” என்றாள்.

அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். நான் தலையை அசைத்தேன். அவள் முதல் வரியிலிருந்து ஆரம்பித்தாள். அத்தை அவள் பக்கத்தில் உட்கார்ந்து, என் பக்கம் ஒரு தடவைகூடத் திரும்பாமல், அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.